மூன்று வீடுகளில் வைத்த சாவி

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் ஒரு சட்டத்தரணியின் அறைக்கும் இடையில், போட்டோக்கொப்பிக் கடை ஒன்று இருக்கிறது. அதைக் கடக்கும்போது சூடேறிய காகிதத்தின் மணம் வரும். கருந்தூள் உருகித் தாளில் ஒட்டுகிற மணம். இடிமழைக்குச் சற்று முன்னால் வானத்திலிருந்து இறங்குவது போன்ற காரம். டீசலும் கருவாடும் கோதுமைத் தூசியும் கலந்து வீசுகிற இந்தத் துறைமுகக் காற்றில், அந்த மணம் மட்டும் எதனோடும் சேராமல் தனியாக வீதியைக் கடந்து வந்து என்னைப் பிடித்துக்கொள்கிறது. நான் நடையைக் கூட்டுகிறேன். சில நாட்களில் வீதியின் மற்றக் கரைக்கே மாறிவிடுகிறேன்.

அக்காவுக்கு அந்த மணம் பிடிக்கும். சூட்டோடு வெளியே வரும் தாளை வாங்கி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பாள். பிறகு மூலத்தை ஒரு கையிலும் பிரதியை மறுகையிலும் வைத்துக்கொண்டு, ஏதாவது ஓர் எழுத்து வழியில் விழுந்துவிட்டதா என்று தேடுவாள்.

எங்கள் வீடு ஒருமுறை எரிந்தது. சண்டைக்கு அஞ்சிப் பள்ளிக்கூடமொன்றில் படுத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது சுவர்கள் நின்றன, கூரை இல்லை, அலுமாரி இருந்த இடத்தில் அதன் கதவுகளின் இரும்புப் பிணைச்சல்கள் மட்டும் கிடந்தன. பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, அக்காவின் பரீட்சைப் பெறுபேறு, எல்லாம் சாம்பல். அக்காவுக்குத் தாதிப் பயிற்சிக்கு அழைப்பு வந்திருந்த நேரம். பெறுபேற்றைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொழும்புக்கு எழுதி, மறுபிரதி வந்து சேர்வதற்குள் அவளுக்குரிய வெள்ளைச் சட்டையை வேறொரு பெண் போட்டுவிட்டாள். அதைப் பற்றி அக்கா பிறகு ஒரு வார்த்தையும் கதைத்ததில்லை. பிரதி எடுக்கத் தொடங்கினாள்.

"ஒண்டு என்னட்ட. ஒண்டு உப்புவெளியில மச்சாளிட்ட. ஒண்டு கிளிவெட்டியில தங்கச்சியிட்ட. ஒரு வீடு எரிஞ்சா மற்ற வீட்டில இருக்கும்" என்பாள். அடையாள அட்டை, மின்சாரப் பட்டியல், அத்தானின் மரணச் சான்றிதழ், என் மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகம் என்று எதையும் விடமாட்டாள். ஒவ்வொன்றையும் சமாதான நீதவானிடம் கொண்டுபோய், உண்மைப் பிரதி என்று ஊதா நிற முத்திரை குத்துவித்து, மூன்று வீட்டிலும் மூன்று பிளாஸ்டிக் பையில் வைத்துவிடுவாள்.

"அக்கா, உன்னையும் ஒரு கொப்பி எடுத்துக் கிளிவெட்டிக்கு அனுப்பிவிடுவமே?"

"அனுப்பு. அங்கயாவது எனக்கு ஆரும் தேத்தண்ணி போட்டுத் தருவினம்."

நாங்கள் சிரித்தோமே தவிர, அவளுடைய முறை ஒருநாளும் தவறியதில்லை. கடல் உள்ளே வந்த காலை உப்புவெளிப் பை போனது. கிளிவெட்டிப் பை இருந்தது. பிறகு சண்டை மூண்டு கிளிவெட்டியிலிருந்து தங்கச்சி சின்ன மகளோடு வெறுங்கையாக ஓடிவந்தபோது, அக்காவின் பையிலிருந்து அவளுடைய பெயரையும் அந்தக் குழந்தையின் பெயரையும் எடுத்துக் கொடுத்தோம். கையில் கடதாசி இருந்த குடும்பங்களுக்கு நிவாரணம் முதலில் கிடைத்தது. அக்கா வரிசையின் முன்னால் நின்றாள். தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

அக்காவின் ஒரே மகன் கப்பலில் வேலை செய்கிறான். எஞ்சின் அறை. என் மருமகனுக்குக் கடல் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள்; அவன் கடலைப் பார்ப்பதே இல்லை. நீர்மட்டத்துக்குக் கீழே, எண்ணெய்ச் சூட்டில், இரும்புக்கு நடுவே அவன் வாழ்க்கை. விடுமுறைக்கு வந்தால் பேச்சு ஒருபடி உரத்துத்தான் வரும். மின்சாரம் நின்று ஊரிலுள்ள விசிறிகளெல்லாம் ஓய்ந்த ஒரு பின்னேரம், "எவ்வளவு அமைதி" என்று நான் சொன்னேன். அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு அமைதி எண்டு ஒண்டு இல்லை மாமா. காதுக்குள்ள எந்த நேரமும் எஞ்சின் ஓடுது" என்றான். முப்பது கடந்த ஒருவன் அதை ஏதோ சட்டை அழுக்கைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான்.

அவன் கரைக்கு வர விரும்பினான். விருப்பம் மிகச் சிறியது. உப்புவெளியில் பிரதான வீதியோரம் ஒரு கொட்டகை. மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்தும் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு. கொட்டகைக்குச் சொந்தக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு வியாபாரி. "நீ இந்த முறை போயிட்டு வா மகன். அதுவரைக்கும் இந்தக் கதவை வேற ஒருத்தருக்கும் துறக்க மாட்டன்" என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்.

அதற்கான சேமிப்பு முழுவதையும் அவன் கொயினில், அதாவது கணினிக்குள் மட்டும் இருக்கும் கிரிப்டோக் காசில், வைத்திருந்தான். ரூபாய் கண்ணுக்கு முன்னால் கரைந்துகொண்டிருந்த காலம். கூட வேலை செய்த ஒரு பிலிப்பைன்ஸ்காரன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக, துறைமுகத்துக்குத் துறைமுகம், அவன் கையில் பிடிக்க முடியாத அந்தக் காசைச் சேர்த்தான். கடைசிப் பயணம் என்று புறப்படுவதற்கு முதல்நாள், குசினிக்குள் என்னையும் அக்காவையும் இருத்தி, ஒரு தாளை மேசையில் வைத்தான். பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். பேனையால் எழுதியது.

"இது பாஸ்வேர்ட் இல்லை மாமா. பாஸ்வேர்ட் மறந்தா மாத்தலாம், இது மாத்தேலாது. இந்தப் பன்னிரண்டு சொல்லும்தான் சாவி. என்ர போன் கடல்ல விழுந்தாலும், நானே கடல்ல விழுந்தாலும், இது இருந்தா காசு இருக்கு."

"வாயைக் கழுவு" என்றாள் அக்கா.

"சும்மா சொன்னனான் அம்மா."

"சும்மா சொல்லுறதுக்கு உனக்கு வேற கதை கிடைக்கேல்லையோ?" தாளைத் தூரப் பிடித்து வாசித்தாள். "என்னடா இது, ஆமை எண்டு கிடக்கு. ஏணி எண்டு கிடக்கு. இதைக் கொண்டுபோனா ஆர் காசு தருவான்?"

"ஒருத்தரும் தரத் தேவையில்லை. இதை அடிச்சாப் பெட்டி திறக்கும். நெருப்பிலயும் தண்ணியிலயும் போகாமப் பாத்துக்கொள்ளுங்கோ. இது போனா எல்லாம் போச்சு. வெளியாக்களுக்குக் காட்டாதைங்கோ."

"நான் ஏன் வெளியாக்களுக்குக் காட்டப் போறன்?"

நானும் அந்தத் தாளை வாசித்தேன். ஆமை, ஏணி, உப்பு, அநாதை, குடை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத சொற்கள். ஆனாலும் வரிசை மாறக்கூடாது. என் வாழ்நாளெல்லாம் கவிதைக்காகச் சொற்களை அடுக்கிக் கலைத்துக்கொண்டிருப்பவன் நான். எந்த மனிதனும் யோசித்துக் கோக்காத, எந்தப் பொருளும் சொல்லாத அந்தப் பன்னிரண்டும் என் மருமகனின் பத்து வருட வியர்வையைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

மறுநாள் அவன் போனான். தாள் அலுமாரிக்குள் போனது.

அது பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம். நான் உட்துறைமுகத்தருகே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கப்பல்கள் வருவது குறைந்து, நாங்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். அந்த நாட்களில் ஒன்றில் மருமகனிடமிருந்து குரல் செய்தி வந்தது. நடுக்கடலில் அவனுக்குச் செய்திகள் மட்டும் போய்வரும், அதுவும் தட்டுத் தடுமாறி.

"மாமா, சங்கிலி பிரியப் போகுது. ஃபோர்க் எண்டு சொல்லுறது. பயப்பிடாதைங்கோ, சொல்லுறன் கேளுங்கோ."

இந்தக் காசின் கணக்கை உலகமெங்கும் உள்ள கணினிகள் ஒரே சங்கிலியாக எழுதிக்கொண்டு போகின்றன. எழுதுகிறவர்களுக்குள் விதியைப் பற்றிப் பிணக்கு. பெரும்பாலானோர் புதிய விதிக்கு மாறுகிறார்கள். சிலர் மாறமாட்டோம் என்று தனியே போகிறார்கள். அவன் எனக்கு விளங்கும்படி சொன்னான்: "மகாவலி எங்கட பக்கம் வந்து ரெண்டாப் பிரியுதெல்லே? ஒண்டு கொட்டியாரக் குடாவுக்கு வருது, மற்றது வெருகலுக்குப் போகுது. பிரியிற இடத்துக்கு மேல இருக்கிற தண்ணி ரெண்டுக்கும் சொந்தம். என்ர காசு மேலயே இருக்கு. பிரிஞ்சாப் பிறகு ரெண்டு பக்கத்திலயும் இருக்கும். ஒரே சாவி ரெண்டையும் திறக்கும்."

"அப்ப இரட்டிப்பு லாபமெல்லோ?"

இதற்குப் பதில் மறுநாள்தான் வந்தது. "இல்லை மாமா. மற்றப் பக்கத்துக் காசு பெறுமதி கொஞ்சம்தான். ஆனா சும்மா கிடைக்குதெண்டு சனம் பாய்ஞ்சு விழும். கண்ட கண்ட இடத்தில சாவியைக் குடுத்துத் திறக்கப் பாக்கும். அதுக்குத்தான் களவர் காத்துக்கொண்டு நிப்பாங்கள். முதல்ல எங்கட நல்ல காசை வேற புதுச் சாவிக்கு மாத்தோணும். அதுக்குப் பிறகுதான் பழைய சாவியால மற்றப் பக்கத்தைத் தொடலாம். கப்பல்ல இருந்து இதெல்லாம் செய்யேலாது. நான் வந்து செய்யிறன். நீங்கள் ஒண்டும் செய்யாமச் சும்மா இருங்கோ."

"சும்மா இருக்கிறதுதான் எனக்கு ஏலாத வேலை."

"தெரியும் மாமா. அதுதான் ரெண்டு தரம் சொல்லுறன்."

சும்மா இருந்தேன். உண்மையாகவே இருந்தேன். பிரியும் நாளில் பெட்ரோல் வரிசையில் நின்றேன். வெயிலில் மோட்டார் சைக்கிளின் இருக்கை கொதித்தது. போனில், சங்கிலி பிரிய மிச்சமிருந்த நேரத்தின் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, கிரிக்கட்டோ?"

"இல்லை. ஒரு பிரிவினை நடக்குது."

"எங்க, கொழும்பிலயோ?"

"ஒரு இடத்திலயுமில்லை."

"அப்பப் பிரச்சினை இல்லை. வண்டியைத் தள்ளுங்கோ, முன்னால போகுது."

வண்டியைத் தள்ளினேன். அந்த நேரத்தில் அது பிரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. நான் பிறந்து வளர்ந்த ஊரில் பிரிவினை என்றால் ஒரு பக்கத்தில் புகை எழும்ப வேண்டும், யாராவது ஓட வேண்டும். இங்கே ஒரு காகம்கூடப் பறக்கவில்லை. பழைய பக்கத்தைப் பார்த்தேன்: அவன் காசு இருந்தது. மற்றப் பக்கத்தைப் பார்த்தேன்: அங்கேயும் இருந்தது. சாவி இல்லாமலே யாரும் பார்க்கலாம். அது ஒரு கண்ணாடி அலுமாரி. எடுக்கத்தான் சாவி வேண்டும். "ரெண்டும் பத்திரம்" என்று அவனுக்கு எழுதினேன். நீண்ட நாட்களுக்குப் பிறகு எனக்குள்ளே ஒரு வரி ஓடியது, எழுதிவைக்கத் தோன்றுகிற மாதிரியான வரி. பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று பலகை வைத்தார்கள். வரி மறந்துபோனது.

பிறகு அலுவலகத்தில் தினமும் ஒருமுறை அந்தக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. வீட்டுக்குப் போகும் வழியில் நேர்த்தி வைத்த பிள்ளையாரை எட்டிப் பார்ப்பது போல. ஒருநாள் மத்தியானம் எட்டிப் பார்த்தேன். வெறுமை. போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மற்றப் பக்கத்தைப் பார்த்தேன். அதுவும் வெறுமை. வெளியே போன ஒரே ஒரு வரி மட்டும் இருந்தது. எங்கேயோ, எவருக்கோ, பெயரில்லாத ஒரு நீண்ட எண்ணுக்கு. சன்னலுக்கு வெளியே உட்துறைமுகம் அசையாமல் கிடந்தது. இலங்கையிலேயே ஆழமான தண்ணீர் என்று எங்களுக்குப் பெருமை.

அவன்தான் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி மாற்றியிருக்கிறான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு வந்தது: "நான் தொடேல்லை மாமா."

அக்காவிடம் போனேன். அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பதற்றத்தைக் காட்டாமல், "அக்கா, அவன் தந்த அந்தக் கடதாசி எங்க?" என்று கேட்டேன்.

"அலுமாரிக்குள்ள. ஏன்?"

எடுத்துக் கொடுத்தாள். பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்புக் குலையாமல் இருந்தது. "ஆரும் எடுத்தவையோ? ஆரும் பாத்தவையோ?"

"அலுமாரித் துறப்பு என்ர இடுப்பில. ஆர் எடுக்கிறது?" துருவலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "உனக்கு வேணுமெண்டா அதை வைச்சிரு. எனக்கு உப்புவெளியிலயும் கொப்பி இருக்கு, கிளிவெட்டியிலயும் இருக்கு."

கதிரையை இழுத்து இருந்தேன்.

"நெருப்பிலயும் தண்ணியிலயும் போகாமப் பாக்கச் சொன்னவனெல்லே" என்றாள். அவள் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. "சமாதான நீதவான் ஐயா சிரிச்சவர். என்ன அம்மா, இங்கிலீசு படிக்கிறீங்களோ எண்டு கேட்டவர். ஓமெண்டு சொன்னன்."

அந்தத் தொழில்நுட்பத்தை அறிந்தவர்கள் எழுதிய அறிவுரைகளை நானும் தேடி வாசித்திருக்கிறேன். பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள், தீயையும் வெள்ளத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். அக்கா அதை அவர்களுக்கு முன்பே அறிந்திருந்தாள். என் பிறப்பத்தாட்சியை வேறொருவர் வைத்திருந்தால் அவர் நானாகிவிடமாட்டார். அவளுடைய வாழ்க்கையில் எல்லாக் கடதாசிகளும் அப்படித்தான் இருந்தன. கையில் வைத்திருப்பவரையே உடைமைக்காரராக்கிவிடும் ஒரு கடதாசி உலகத்தில் இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது? அவனும் சொல்லவில்லை. தங்கச்சியும் மச்சாளும் வெளியாட்கள் இல்லை.

அன்று நான் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது.

முதலில் உப்புவெளி. அங்கே பை கட்டியபடி, முடிச்சு அவிழாமல் இருந்தது. அடுத்த நாள் கிளிவெட்டிக்கு பஸ் ஏறினேன். பஸ் குறைந்த காலம். உள்ளே மூச்சுவிட இடமில்லை. கிண்ணியாப் பாலம், உப்பாறு, பிறகு கங்கைப் பாலம். ஒவ்வொரு பாலத்திலும் ஒவ்வொருவரைச் சந்தேகித்தேன். போட்டோக்கொப்பிக் கடைக்காரனை. முத்திரை குத்திய நீதவானை, அவர் சிரித்ததால். தங்கச்சியின் புருஷனை, ஒருமுறை டிராக்டர் வாங்கக் கடன் கேட்டதால். ஊரிலுள்ள ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு காரணம் என்னிடம் இருந்தது. கங்கைப் பாலத்தில் பஸ் மெதுவாகியபோது கீழே பழுப்பு நிறத் தண்ணீர் எந்த அவசரமும் இல்லாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அப்போது ஒரு கெட்ட மனிதனாக இருந்தேன்.

தங்கச்சி வயலில் இருந்தாள். வாசலில் என்னைக் கண்டதும் அவளுடைய மகள் ஓடிவந்தாள். ஒரு காலத்தில் இடுப்பில் எங்கள் வீட்டுக்குத் தூக்கிவரப்பட்டவள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தாள். கெட்டிக்காரி. நான் செருப்பைக் கழற்றுமுன்பே, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்:

"மாமா, அண்ணாக்கு வந்திட்டுதோ?"

"என்ன பிள்ளை?"

"புதுக் கொயின்! ஒருத்தருக்கும் சொல்லாம வைச்சிருந்தனான். அண்ணா வரேக்க சொல்லுவமெண்டு." போனைக் கொண்டுவந்து காட்டினாள். நீல நிறத்தில் அழகான ஒரு பக்கம். சங்கிலி பிரிந்ததால் உங்களுக்குரிய இலவசப் பங்கை இன்றே பெற்றுக்கொள்ளுங்கள், தவறினால் போய்விடும் என்று எழுதியிருந்தது. "அண்ணா கடல்ல. அவருக்குத் தெரியாமலே நாள் முடிஞ்சிடும் எண்டு பயந்திட்டன். பெரியம்மா தந்த பையில சொல்லெல்லாம் இருந்தது. அடிச்சனான். சுத்திக்கொண்டே இருந்தது, பிறகு நிண்டிட்டுது. வர நாள் எடுக்குமாக்கும் எண்டு நினைச்சன்."

மருமகன் எச்சரித்திருந்த பொறி அது. போனுக்கு அருகில் ஊதா முத்திரையோடு அந்தத் தாள் இருந்தது. ஆமை, ஏணி, உப்பு. உண்மைப் பிரதி.

பாலத்துக்குப் பாலம் நான் கட்டிக்கொண்டு வந்த களவர் எல்லோரும் ஒரே நொடியில் போய்விட்டார்கள். அவர்கள் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கோபிக்க ஒருவராவது இருந்திருப்பார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த பிள்ளையின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"மாமா? நான் பிழையா ஏதும் செய்திட்டனோ?"

நடந்ததைச் சொன்னேன். அவள் தரையில் இருந்ததும், போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்ததும் ஞாபகம்.

மருமகனின் கப்பல் கரை தொட்டபோது குரலிலேயே கதைத்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "திரும்ப எடுக்கேலாது மாமா. போனது போனதுதான். முறைப்பாடு செய்ய ஒரு கந்தோரும் இல்லை" என்றான். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினான். "அம்மாக்குச் சொல்லாதைங்கோ."

"என்னெண்டு சொல்லாம விடுறது? கொட்டகை என்னவாச்சு எண்டு கேப்பாவே."

"விலை விழுந்திட்டுது எண்டு சொல்லுங்கோ. உலகம் முழுக்க விழுந்தது எண்டு சொல்லுங்கோ. தனக்கு மட்டும் நடந்ததெண்டாத்தான் அவ தாங்க மாட்டா."

சொன்னேன். அக்கா நம்பினாள். "விழுந்தா விழட்டும். பிள்ளை விழாம வந்தாக் காணும்" என்றாள்.

அவன் வந்தான். மெலிந்திருந்தான். கிண்ணியா வியாபாரியைப் பார்க்கப் போனோம். அந்த மனிதர் கதவைத் திறக்காமல்தான் வைத்திருந்தார். மருமகனே, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் அவரிடம், "காக்கா, வேற ஆருக்கும் குடுங்கோ. எனக்காகப் பாத்துக்கொண்டிருக்காதைங்கோ" என்றான். அவர் தேநீர் தந்தார். நாங்கள் எழும்பும்போது தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த மாதமே அந்தக் கொட்டகையில் ரியூஷன் வகுப்புக்குப் பிள்ளைகள் இருக்க வாங்குகள் போட்டுவிட்டார்கள்.

கிளிவெட்டிக்குப் போக வேண்டும் என்று அவன்தான் சொன்னான். அக்காவும் வந்தாள். அந்தப் பிள்ளை அறையைவிட்டு வெளியே வரவில்லை. அக்கா கால்கழுவக் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, அவன் அறைக்கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்தான்.

"வெளியில வா தங்கச்சி."

"போங்கோ அண்ணா."

"நீ என்ன, களவெடுத்தனியோ? எனக்குத் தரத்தானே பாத்தனி. அந்தப் பன்னிரண்டு சொல்லையும் நான் அடிச்சிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்."

"பொய் சொல்லாதைங்கோ. நீங்க அடிச்சிருக்க மாட்டீங்கள். பெரியம்மாட கொப்பி என்னட்ட இல்லாட்டி ஒண்டும் நடந்திருக்காது."

எஞ்சின் சத்தத்துக்குப் பழகிய அவனுடைய குரலும், அழுகையில் உரத்த அவளுடைய குரலும் வளவெல்லாம் கேட்டன. கிணற்றடியில் கப்பி உருண்டுகொண்டிருந்த சத்தம் நின்றது. நான் சன்னலால் பார்த்தேன். அக்கா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். வாளி மேலேயும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. பிறகு அவள் அதை மெதுவாக இழுத்தெடுத்து, கால் கழுவி, உள்ளே வந்து, தங்கச்சியோடு நெல்லு விலை கதைத்தாள்.

திரும்பி வரும்போது அவளுடைய மடியில் கிளிவெட்டிப் பை இருந்தது. அடுத்த நாள் உப்புவெளிக்குத் தனியே போய் அந்தப் பையையும் கொண்டுவந்தாள். நான் பின்னேரம் போனபோது குசினி முழுக்கப் புகை. அடுப்படியில் இருந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தாள்: என் பிறப்பு, தங்கச்சியின் கலியாணம், அத்தானின் மரணம். எல்லாவற்றிலும் ஊதா முத்திரை முதலில் சுருண்டது.

"என்ன அக்கா செய்யிறாய்?"

"பழசு தம்பி. பூச்சி பிடிச்சிட்டுது."

நான் தடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அவளிடமிருந்த மூலங்கள் அலுமாரியில்தான் இருந்தன. எரிந்தவை பிரதிகள் மட்டும். அப்படிச் சொல்லிக்கொண்டால் அது சின்ன விஷயம்.

மருமகன் வேறொரு கப்பலுக்குக் கையெழுத்து வைத்தான். இந்த முறை நீண்ட ஒப்பந்தம். கடைசிப் பயணம் என்று யாரும் சொல்லவில்லை. புறப்படும் நாள் பின்னேரம் மூன்று மணி வெயிலில் கொழும்பு வேன் ஒழுங்கைக்குள் வந்து நின்றது. சாரதி பொதிகளை ஏற்றினான். மருமகன் என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் சட்டையில் புதுச் சவர்க்கார மணம். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய உறையோடு வந்தான். பழைய பாஸ்போட், முடிந்துபோன கப்பல் புத்தகம், அவனுடைய பங்குக்குரிய வீட்டு உறுதி. ஒவ்வொரு முறையும் போகும்போது தாயிடம் கொடுத்துவிட்டுப் போகும் அதே பொருட்கள். அவளிடம் நீட்டினான்.

அக்கா வாங்கவில்லை. இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டாள். வேனின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"இனி ஒண்டையும் என்னட்டத் தந்து வைக்காத ராசா."

அவன் அவளைப் பார்த்தான். அவள் மறைக்க நினைத்தது எது, அவன் மறைத்தது எது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. நான் அந்த இடத்தில் இருக்கக்கூடாது என்று பட்டது. அவன் குனிந்து, தலைப்புக்குள் கைவிட்டு, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உறையை அதற்குள் வைத்து மூடினான்.

"வேற ஆரட்டயம்மா நான் குடுக்கிறது?"